கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த நாள்களில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன்கள் வழங்கப்படும் என்ற பதிவுத்துறை அறிவிப்பு ஆண்டுக்குப் பலமுறை தங்கள் நாளிதழில் வெளியாகிறது. ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100க்குப் பதிலாக 150, இருவர் உள்ள அலுவலகத்தில் 200க்குப் பதிலாக 300 என்ற அந்த ஏற்பாடு பயனுள்ளதுதான். ஆனால் செட்டிநாட்டுப் பகுதியில் பழைய வீடு வாங்க முற்படும் நடுத்தரக் குடும்பங்கள் திணறுவது டோக்கன் வாங்கும் நாளில் அல்ல, அதற்கு முந்தைய மாதங்களில்தான். ஒப்பந்தத்தில் எழுதப்படும் கெடுவும், பத்திரங்கள் உண்மையில் தயாராகும் காலமும் ஒட்டாமல் நிற்பதே அதற்குக் காரணம் என்பதை அந்த மாதங்களைக் கடந்து வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு மாசி மாதத்தில் காரைக்குடிக்கு அருகே ஓர் ஊரில், பெரிய வீடு ஒன்றின் பின்தெருவில் அதே குடும்பத்தாருக்குச் சொந்தமான சிறிய ஓட்டு வீட்டை ரூ.22 லட்சத்துக்குப் பேசி, ரூ.4 லட்சம் முன்பணம் கொடுத்தோம். ஒப்பந்தத்தையும் முறையாகப் பதிவு செய்தோம். கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 டிசம்பர் 1 முதல் தமிழகத்தில் சட்டமாகவே இருக்கிறது. இன்றும் பலர் முத்திரைத்தாளில் மட்டும் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த வாசகம் இங்கே எல்லோரும் எழுதும் வாசகம்தான்: இன்று முதல் ஆறு மாத காலத்துக்குள் பாக்கித் தொகையைச் செலுத்திக் கிரயம் செய்துகொள்ள வேண்டியது, தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டியது. கையெழுத்திடும்போது அது ஒருதலைப்பட்சமானது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கெடு தவறினால் வாங்குபவர் என்ன இழப்பார் என்று அதில் இருந்தது. விற்பவர் தரப்பில் பத்திரம் தயாராகாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை.

விற்றவர்கள் நல்லவர்கள், அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. முன்பணம் கொடுத்த அன்று பட்டாலையில் அமர்ந்திருந்த அந்த வீட்டுப் பெரியவர், "டீச்சர், இந்தச் சொத்துக்கு நாங்க ஆறு புள்ளி. எல்லாரும் சம்மதம்தான், ஆனா எல்லாரும் ஒரே ஊர்ல இல்ல" என்று வெளிப்படையாகவே சொன்னார். புள்ளி என்பது இங்கே சொத்தில் பங்குள்ள ஒரு குடும்பத்தைக் குறிக்கும். சென்னையில் இருவர், கோயம்புத்தூரில் ஒருவர், உள்ளூரில் இருவர், மலேசியாவில் ஈப்போவில் ஒருவர். அந்தச் சொல்லின் முழுக் கனமும் அப்போது எனக்குப் புரியவில்லை. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து தொழில் செய்த முன்னோர் கட்டிய வீடுகளின் உரிமை, மூன்று தலைமுறைக்குப் பிறகு பல நாடுகளில் சிதறிக் கிடப்பதில் வியப்பில்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காண்பவர்கள் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் வியக்கிறார்கள். ஆனால் அவற்றை விற்பதென்றால் எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது வாங்கப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் தடை வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் படித்தபோது வந்தது. ஆறு புள்ளி என்று குடும்பத்தார் சொன்ன கணக்கில், மணமாகித் தேவகோட்டைக்குப் போன ஒரு மகள் இல்லை. தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இருப்பது. பூர்வீகச் சொத்திலும் மகனுக்குச் சமமாக மகளுக்கு உரிமை உண்டு என்று 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே அந்த ஆச்சியின் கையெழுத்தும் வேண்டும் என்று வழக்கறிஞர் எழுதியது முற்றிலும் சரி. அவரும் மனமுவந்து சம்மதித்தார். ஆனால் வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பழைய தாய்ப்பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் புதிய கணக்குக்கு ஏற்பச் சேர்த்து முடிப்பதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது. கணினியில் ஏற்றப்படாத பழைய ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்ப்பதென்றால் இன்றும் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது தடை ஈப்போவிலிருந்து வர வேண்டிய பவர், அதாவது தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். அங்கிருப்பவர் கோலாலம்பூருக்குப் பயணம் செய்து, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, கூரியரில் அனுப்பினார். உறையைப் பிரித்து ஆவண எழுத்தர் மேசையில் விரித்தபோது, அவர் முதல் பக்கத்திலேயே விரலை நிறுத்திவிட்டார். புல எண் சரியாக இருந்தது; உட்பிரிவில் 3பி என்று இருக்க வேண்டிய இடத்தில் 3சி என்று தட்டச்சாகியிருந்தது. ஒரே ஓர் எழுத்துக்காக அவர் மீண்டும் விடுப்பெடுத்து, மீண்டும் கோலாலம்பூர் போக வேண்டியதாயிற்று. இரண்டாவது உறை வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. வெளிநாட்டில் எழுதப்பட்ட பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும் என்பதும் தனியாக ஒரு கெடு. இதை முன்கூட்டியே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆடியில் பத்திரம் பதிவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். ஆடிப்பெருக்குக்குச் சிலர் விலக்குக் கொடுப்பார்கள், பலர் கொடுப்பதில்லை. மார்கழியிலும் அப்படியே. அதை நான் மூடநம்பிக்கை என்று சொல்லத் துணியமாட்டேன். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆனால் ஆறு மாதக் கெடு எழுதும்போது அதற்குள் ஆடி விழுகிறதா, மார்கழி விழுகிறதா என்று இருதரப்பும் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் ஆறு மாதம் உண்மையில் ஐந்து மாதம்தான். ஆவணியில் கெடு முடிந்தபோது மற்றொரு கையெழுத்து பாக்கி இருந்தது. அது முடிந்து பணம் புரட்டுவதற்குள் மார்கழி வந்தது. கடைசியில் 2023 தையில்தான் பதிவு நடந்தது.

இந்தத் தாமதத்துக்கு நாங்கள் கொடுத்த விலை சிறியதல்ல. ஏப்ரலில் வங்கி ரூ.15 லட்சம் கடன் ஒப்புதல் தந்தது. அந்தக் கடிதத்துக்கு ஆயுள் மூன்று மாதம். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி படிப்படியாக உயர்த்தி, டிசம்பரில் 6.25 சதவீதத்துக்குக் கொண்டு போனது. மிதக்கும் வட்டிக் கடன் என்பதால் முன்பே வாங்கியிருந்தாலும் வட்டி ஏறித்தான் இருக்கும் என்பதை அறிவேன். ஆனால் ஒப்புதல் காலாவதியாகி மீண்டும் விண்ணப்பித்தபோது, புதிய வட்டியில் மாதத் தவணையையும் நான் ஓய்வு பெற எஞ்சியிருக்கும் ஆண்டுகளையும் கணக்கிட்டு, ரூ.13 லட்சத்துக்கு மேல் தர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். குறைந்த இரண்டு லட்சத்துக்கு நகையை அடகு வைத்தோம். அப்போது இருந்த 7 சதவீத முத்திரைத் தீர்வை, 4 சதவீதப் பதிவுக் கட்டணத்தின்படி முழு விலையையும் காட்டிப் பதிந்ததற்கு ரூ.2.42 லட்சம் தனியாகச் செலவாயிற்று. வாடகை வீட்டைக் காலி செய்வதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்ததால், நான்கு மாதம் சாமான்களை நாத்தனார் வீட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கிவைத்துவிட்டு ஓர் அறையில் இருந்தோம்.

இத்தனைக்கும் நடுவில் எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு காரியம். கெடு முடிவதற்குப் பதினைந்து நாள் முன்பு, என் கணவரின் நண்பரான ஒரு வழக்கறிஞர் சொன்னபடி, பாக்கித் தொகையைச் செலுத்த ஆயத்தமாக இருக்கிறோம், பத்திரங்கள் தயாரானவுடன் கிரயம் செய்துகொள்ளக் காத்திருக்கிறோம் என்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினோம். பிறகு இருதரப்பும் கையெழுத்திட்டுக் கெடுவை நீட்டித்து எழுதிக்கொண்டோம். பழகிய மனிதர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதா என்று எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் வாங்குபவர் தொடக்கம் முதல் இறுதிவரை ஆயத்தமாகவும் விருப்பத்தோடும் இருந்தார் என்பதைக் காட்டினால்தான் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியும். வழக்குத் தொடர மூன்று ஆண்டு இருக்கிறதே என்று பலர் மெத்தனமாக இருக்கிறார்கள். மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978இல் எழுதப்பட்ட ஆறு மாதக் கெடு ஒப்பந்தத்தில், வாங்கியவர் இரண்டரை ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு வழக்குப் போட்டதால், நகர்ப்புறத்தில் விலை ஏறும் வேகத்தைக் கருதி அவருக்குக் கிரயம் செய்து தர உத்தரவிட முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோருக்கு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ரெரா) சட்டம் துணை நிற்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. சொன்ன நாளில் வீட்டை ஒப்படைக்காவிட்டால் வட்டி தர வேண்டும். தனியாரிடமிருந்து பழைய வீடு வாங்குவோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே ஒப்பந்தத்தில் எழுதும் வாசகம் ஒன்றுதான் எங்களுக்குக் காப்பு. அதை எழுதித் தரும் ஆவண எழுத்தர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கெடுவை ஒப்பந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். எல்லா வாரிசுகளின் கையெழுத்துக்கோ பவருக்கோ வழிசெய்து, தாய்ப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் விற்பவர் எழுத்து மூலம் ஒப்படைக்கும் நாளிலிருந்து எண்ணுங்கள். அந்த நாளுக்கும் ஓர் எல்லை வையுங்கள். அது தவறினால் முன்பணத்தை இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். பதிவுத்துறையும் இத்தகைய மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தன் இணையதளத்தில் வெளியிட்டால் ஏராளமானோருக்கு உதவியாக இருக்கும்.

சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் சில வசதிகளும் மக்களைச் சென்றடையவில்லை. எல்லோரும் ஒரே நாளில் வந்தால்தான் பத்திரம் பதிய முடியும் என்று எங்களிடம் சொன்னார்கள். பலர் வெவ்வேறு நாள்களில் கையெழுத்திட்ட பத்திரத்தை ஒவ்வொரு கையெழுத்து நாளிலிருந்தும் நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்று பதிவுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. நடமாட முடியாதவர்களுக்காகத் தகுந்த காரணம் காட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வர 31ஆவது பிரிவில் இடம் உண்டு. இதை அறியாமல், எண்பதைக் கடந்த தேவகோட்டை ஆச்சியைக் காரில் அழைத்து வந்து, தை மாதக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் மர பெஞ்சில் உட்கார வைத்தோம். தேய்ந்துபோன அவருடைய கட்டைவிரல் ரேகை கருவியில் பதியவே இல்லை. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து அவர் ஐந்தாவது முறை அழுத்தியபோதுதான் பதிந்தது. அவரை அப்படிச் சிரமப்படுத்தியதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வரும் ஆவணியில் என் சக ஆசிரியை ஒருவர் இதே போன்ற ஒரு வீட்டுக்கு அச்சாரம் கொடுக்க இருக்கிறார். அவருடைய ஒப்பந்த நகலில் 'இன்று முதல் ஆறு மாதம்' என்ற வரியை அடித்துவிட்டு, 'விற்பவர்கள் பத்திரங்களை ஒப்படைத்த நாள் முதல் நான்கு மாதம், மார்கழி நீங்கலாக' என்று எழுதித் தரும்படி ஆவண எழுத்தரிடம் சென்ற வாரம் கேட்டிருக்கிறோம். இப்படி இதுவரை எழுதியதில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் கூறியிருக்கிறார்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியை ஒருவர்,
காரைக்குடி.