ஊர்க் குடும்பப் பதிவேட்டுக்கு நன்கொடை கேட்டு எழுதுகிறோம்

ஊரில் இருக்கும் பெரியோர்களுக்கும், திருப்பூர், சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பதிவேட்டுக் குழுவின் வணக்கம்.

போன ஐப்பசி மழையில் நம் ஊரில் ஒரு ஆச்சி வீட்டுச் சுவர் ராத்திரியோடு ராத்திரியாக இடிந்து விழுந்தது. காலையில் பால்காரர் போய்க் கூப்பிட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆச்சி பிழைத்துக்கொண்டார். ஆனால் அவரைப் போலத் தனியாகப் பொங்கித் தின்று கிடக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று அன்று கேட்டபோது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த வாரமே இந்தக் குழுவைத் தொடங்கினோம்.

நம்மிடம் இருப்பது கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கும் நோட்டு. அது தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்த பெண்ணுக்கு அரை வரி, சிலருக்குப் பெயரே கிடையாது. வரி பிரிக்க அது போதும், ஆளைத் தெரிந்துகொள்ள அது உதவாது. அரசுக் கணக்கு என்று பார்த்தால் கடைசியாக எடுத்தது 2011இல். அதிலும் வருவாய் கிராமம் முழுமைக்கும் ஒரே எண்தான். மேலத்தெருவும் காலனியும் குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்பும் அதற்குள் கரைந்துபோயின. 2021 கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஊரின் பிறப்புப் பதிவைப் பார்க்கலாமே என்றால், பிரசவம் நடந்த இடத்தில்தான் பிறப்பு பதிவாகும். நம் பிள்ளைகளோ டவுன் ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள்.

ஊரை ஊர்ப்பிள்ளைகளே எண்ணுவது புதிதல்ல. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை வைத்துக் கிராமங்களை வீடு வீடாக விசாரிக்கச் செய்தார். நம் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும் அதில் ஒன்று. 1930களில் மறுபடியும் போய் விசாரித்ததால், இடையில் என்ன மாறியது என்று அந்த ஊரால் சொல்ல முடிகிறது.

நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம். வீட்டுக்கு ஒரு பக்கம். யார் யார், வயது, படிப்பு, வேலை, வெளியூரில் இருப்பவர் எங்கே, ஆத்திர அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் பக்கம் உண்டு. சாதி, ஆதார் எண், நில விவரம் எதுவும் கேட்க மாட்டோம். போன் எண்கள் தனி நோட்டில் குழுவின் பொறுப்பில் இருக்கும்.

கல்லூரிக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களும் பையன்களும் வீடு வீடாகப் போக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வெயிலில் அலைவதற்குப் படியாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். அச்சு, பைண்டிங், நூலகத்தில் வைக்க ஒரு பீரோ எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் ஆகும். உள்ளூரில் வீட்டுக்கு 100 ரூபாய் கேட்கிறோம். முடியாதவர்கள் தர வேண்டாம். அவர்கள் வீட்டுப் பக்கம் அதனால் விடுபடாது. வெளியூரில் சம்பாதிப்பவர்கள் மனம்போல் கொடுங்கள். பணத்தோடு உங்கள் குடும்ப விவரத்தையும் எழுதி அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

பணத்தை நூலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவை வாசித்து, பில்களை நூலகப் பலகையில் ஒட்டுவோம்.