குற்றத்தை ஆராய்பவருக்குப் பரிசு கூடாதா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில், குற்றவியல் அறிஞர்களுக்கு சுவீடனில் வழங்கப்படும் பரிசைப் பற்றி ஐந்தாறு வரிகள் வந்திருந்தன. "திருடனைப் பிடிக்கிறவருக்குத் தர வேண்டிய பரிசை, திருடனைப் பற்றி எழுதுகிறவருக்குத் தருகிறார்கள்" என்று முடித்திருந்தீர்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து தங்கள் பத்திரிகையை வாங்கும் குடும்பம் நாங்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். அந்த வரி மனதைப் புண்படுத்திவிட்டது.

ஸ்டாக்ஹோம் குற்றவியல் பரிசு 2006 முதல் வழங்கப்படுகிறது. நோபல் விருந்து நடக்கும் அதே நகர மண்டபத்தில்தான் கொடுக்கிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. 2008-இல் அது ஜோனதன் ஷெப்பர்டுக்கும் டேவிட் ஓல்ட்ஸுக்கும் போனது. ஷெப்பர்ட், வேல்ஸில் கார்டிஃப் நகரத்து டாக்டர். உடைந்த தாடையையும் கிழிந்த முகத்தையும் சரி செய்கிறவர். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் ஏராளமானோர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்பதைக் கண்டுகொண்டார். எங்கே அடிபட்டது, எத்தனை மணிக்கு, எந்த ஆயுதத்தால் அடித்தார்கள் என்று பதிவு மேசையிலேயே கேட்டு எழுத வைத்தார். பெயரை எடுத்துவிட்டு அந்தக் குறிப்புகள் போலீசுக்கும் நகராண்மைக்கும் போயின. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் காவல் வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வன்முறையில் காயம்பட்டு வார்டில் சேர்வோர், ஒத்த மற்ற நகரங்களோடு பார்க்கும்போது கார்டிஃபில் 42 விழுக்காடு குறைவு என்று பின்னால் ஆய்வு சொன்னது. அவர் ஒரு திருடனையும் பிடிக்கவில்லை ஐயா.

நான் இங்கே மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கட்டுகிறவனாக இருந்தவன். சம்பள நாள் இரவில் சம்சு சாராயம் குடித்துவிட்டு வெட்டிக்கொண்டவர்களுக்குத் தையல் போட்டது இந்தக் கைதான். கண் வீங்கி, பல் உடைந்து வரும் பெண்களைக் கேட்டால், "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேங்கய்யா" என்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான அதே லயத்தில் அதே வீட்டிலிருந்து மறுபடியும் வருவார்கள். என் புத்தகத்தில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, காயம் இருந்தது. தோட்ட மேனேஜரான துரை அதைப் புரட்டியது, எத்தனை ஆள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரவில்லை என்று பார்க்க மட்டுமே. போலீசும் கேட்கவில்லை. கார்டிஃபில் ஒரு டாக்டர் அதே மாதிரிப் புத்தகத்தை வைத்து ஊரையே காப்பாற்றினார் என்று படித்தபோது நெஞ்சு அடைத்துப்போனது. அவருக்குத் தந்த பரிசைத்தான் தாங்கள் அப்படி எழுதினீர்கள்.

ஓல்ட்ஸ் செய்ததும் சாதாரணமாகத் தெரியும். முதல் பிள்ளை உண்டான ஏழைப் பெண்களின் வீட்டுக்குத் தாதியை அனுப்பினார். நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 1970-களில் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதானபோது பார்த்தால், தாதி போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்கள் போலீசில் பிடிபட்டது குறைவு. எங்கள் பக்கம் ரப்பர் பால்மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். பல தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள், வீடமைப்புக்குக் கொடுத்தார்கள். லயம் போனது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை போனது. குடும்பங்கள் புறம்போக்கு நிலத்துக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் போய் ஒண்டின. அங்கே வளர்ந்த பையன்களிடம் எந்தத் தாதி போனார்?

2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டபோது, பத்திரிகைகள் அவற்றில் இந்திய வம்சாவளியினரான நம்மவர் எத்தனை பேர் என்று பெரிய எழுத்தில் போட்டன. ஏன் என்று ஒரு பக்கம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் வரவில்லை. எங்கள் சுங்கை சிப்புட்டின் பெயர் வெளியே அடிபடுவதே 1948 ஜூனில் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்ட ஊர் என்றுதான். இப்போது குண்டர் கும்பல் ஊர் என்கிறார்கள். புதிதாக டத்தோ என்ற பட்டம் பெற்றவர்களுக்கு வாழ்த்து விளம்பரம் பக்கம் பக்கமாக வருகிறது. அதை நான் குறை சொல்லவில்லை, பத்திரிகை நடக்கப் பணம் வேண்டும். ஆனால் அறிவுக்காக ஒருவரை உலகம் கூப்பிட்டு மாலை போடுகிறபோது ஐந்து வரியோடு இப்படி ஒரு வரியையும் சேர்க்க வேண்டுமா?

நம்மைச் சேர்ந்தவர்களும் இத்துறையில் இல்லாமல் இல்லை. ஊழலைச் சமூகவியல் கண்ணோடு 1960-களிலேயே ஆராய்ந்தவர் நம் நாட்டு சையத் ஹுசேன் அலத்தாஸ். இணையக் குற்றங்களுக்கென்றே 2007-இல் ஓர் அனைத்துலக ஆய்விதழைத் தொடங்கியவர் தமிழ்நாட்டின் ஜெய்சங்கர். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் பேத்திக்கு இந்த இரண்டு பெயரும் தெரியாது. தங்கள் மாணவர் பக்கத்தில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை இப்பரிசு அறிவிக்கப்படும்போது, பெற்றவர் என்ன கண்டுபிடித்தார், அதனால் யார் பிழைத்தார்கள் என்று மாணவர் பக்கத்தில் அரைப் பக்கம் போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் என் தோட்டத்துக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். ஷெப்பர்ட், ஓல்ட்ஸ் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரஸ்ஸர்,
சுங்கை சிப்புட், பேராக்.