போலீஸ் ஏரியல் மாட்டித் தருவீர்களா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சில மாதங்களாக நம் வண்டி வானொலிக் கடைக்கு நேரில் வருபவர்களும் வாட்ஸ்அப்பில் எழுதுபவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "அண்ணே, விரைவுச்சாலையில் போக்குவரத்து போலீஸ் பேசிக்கொள்வது காதில் விழுகிற மாதிரி ஒரு செட்டும் ஏரியலும் வண்டியில் மாட்டித் தருவீர்களா? எவ்வளவு ஆகும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருந்தால் கடை வேலை ஓடாது. அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாட்டித் தர மாட்டோம். அந்த செட்டை நாங்கள் விற்பதில்லை. வெளியே வாங்கி வந்தாலும் அதற்கு வயர் இழுத்துத் தருவதில்லை. கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று சிலர் சொன்னீர்கள், தெரிந்தவர்கள் பெயரையும் சொன்னீர்கள். அப்போதும் பதில் இதுதான்.

சிங்கப்பூரில் வானொலிக் கருவி எதுவானாலும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கீழ்தான் வருகிறது. கடைக்காரருக்கு விற்பனை உரிமம் வேண்டும், கருவி ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் உரிமம் எடுத்தாலும் விற்க முடியாதவை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அலைவரிசைகளை வரிசையாகத் துழாவிக் கேட்கும் ஸ்கேனர் ரிசீவர்கள் அதில் இருக்கின்றன. அலைகளை முடக்கும் ஜாமர்களும் ராணுவத் தகவல்தொடர்புக் கருவிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. ஸ்கேனர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள். அதை நான் விற்றால் என் உரிமம் போகும், நீங்கள் வைத்திருந்தால் உங்களுக்குச் சிக்கல். "இணையத்தில் வாங்கினேன், பார்சல் வீட்டுக்கே வந்தது" என்பதெல்லாம் ஆணையத்திடம் எடுபடாது.

அண்மையில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் அப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அளவு செட், காந்த அடியோடு ஒரு ஏரியல், சிகரெட் லைட்டரில் செருகும் வயர். செட்டைத் திருப்பிப் பார்த்தோம். இங்கே முறையாக விற்கும் கருவியில் ஆணையத்தின் தரத்துக்கு ஏற்றது என்று ஒரு வரியும், டிஏ அல்லது டிபி என்று தொடங்கும் விற்பனையாளர் எண்ணும் அச்சாகியிருக்கும். இதில் பேட்டரி மூடிக்கு அடியில்கூட ஒன்றும் இல்லை. "விற்றவரிடமே திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேளுங்கள்" என்று சொன்னோம். எந்த வாக்கிடாக்கியை வாங்கினாலும் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். எல்லாம் அமெரிக்க வீடியோக்கள். அங்கே இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1928ல் டெட்ராய்ட் நகர போலீஸ் ரோந்து வண்டிகளுக்கு வானொலி வழியே செய்தி அனுப்பத் தொடங்கியது. வண்டியில் இருப்பவர் கேட்கலாம், பதில் பேச முடியாது. 1930களில் வந்த வீட்டு ரேடியோக்கள் பலவற்றின் டயலிலேயே 'போலீஸ்' என்று ஓர் இடம் குறித்திருப்பார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. இன்றும் அங்கே பெரும்பாலான இடங்களில் வீட்டில் ஸ்கேனர் வைத்துக்கொள்வது குற்றமில்லை. ஆனால் வண்டியில் வைப்பதற்கு நியூயார்க், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. அதை வீடியோக்காரர் சொல்லமாட்டார்.

அந்த வீடியோக்களில் வண்டிக் கூரையில் நிற்கும் நெடுங்கம்பியைப் பற்றியும் கேட்டீர்கள். கணக்கு எளிது. 75ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை ஏரியலின், அதாவது அலைநீளத்தில் கால் பங்கு உள்ள கம்பியின், நீளம் மீட்டரில் கிடைக்கும். கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை நெடுங்காலமாக 39 முதல் 46 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த பட்டையில் பேசி வந்தது, அதைப் பிடிக்க ஏறக்குறைய 1.8 மீட்டர் கம்பி வேண்டும். 150 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் போதும். 800க்குப் போனால் விரல் நீளம்தான். கம்பி நீளமாக இருந்தால் நன்றாக இழுக்கும் என்பது தவறு. அலைவரிசைக்குத் தோதான நீளம்தான் இழுக்கும். 1.8 மீட்டர் கம்பியைக் கூரையில் நட்டுக்கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தால் உயர வரம்புக் கம்பியில் 'டொக்' என்று அடிக்கும் சத்தத்தோடு அன்றைய பொழுது விடியும்.

சட்டம், கம்பி எல்லாவற்றையும் தள்ளிவைத்தாலும் போலீஸ் பேச்சு காதில் விழும் என்று நம்பியிருக்க முடியாது. பிரிட்டனில் போலீஸ் பேச்சு முழுவதும் மறையாக்கம் செய்த, அதாவது வெளியாருக்குப் புரியாதபடி மாற்றிய, டிஜிட்டல் முறைக்கு மாறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அமெரிக்காவில் டென்வர் 2019ல் மறைத்தது, நியூயார்க் 2023ல் தொடங்கியது. அப்படிப்பட்ட பேச்சு ஸ்கேனரில் வெறும் இரைச்சலாகத்தான் வரும். எவ்வளவு நல்ல ஏரியல் போட்டாலும் அந்த இரைச்சல்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

"பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குள் போனபிறகுதான் ஆன் பண்ணுவேன்" என்று சிலர். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டம் இருக்கிறது, அங்கேயும் வானொலிக் கருவிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதைவிட, அந்த செட் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாகத்தானே போய்த் திரும்ப வேண்டும்? வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் வேக வரம்பு 110. அதற்குக் கீழே ஓட்டுபவருக்கு யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு போலீஸிடமிருந்து தப்பிக்கும் எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிஐஇ விரைவுச்சாலையில் விபத்தா, எந்தத் தடம் அடைத்திருக்கிறது, எங்கே திரும்பினால் டெலிவரி நேரத்துக்குப் போகலாம், இதுதான் வேண்டும். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. விரைவுச்சாலைகளின் மேலே தொங்கி, சாலை நிலவரம் காட்டும் இமாஸ் மின்பலகைகள் இருக்கின்றன. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கேமராப் படங்களை ஒன்மோட்டரிங் தளத்தில் புறப்படும் முன்பே பார்த்துவிடலாம். வேகக் கேமராக்கள் இருக்கும் இடங்களைப் போக்குவரத்து போலீஸே வெளியிடுகிறது, ஒளித்து வைக்கவில்லை. சாலைக் கட்டணத்துக்காக வண்டிக்குள் பொருத்தும் புதிய ஓபியு கருவி பள்ளி வட்டாரம், முதியோர் வட்டாரம் வருவதை முன்கூட்டியே சொல்லும். விரைவுச்சாலையில் வண்டி நின்றுபோனால் அருகிலுள்ள குறித்த கார் நிறுத்துமிடம் வரை ஆணையத்தின் மீட்பு வண்டி இலவசமாகவே இழுத்துவிடும். இது தெரியாமல் இழுவை வண்டிக்குக் காசு கொடுத்தவர்கள் நம் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள்.

பிறகு வானொலி. ஒலி 96.8ஐப் போட்டுக்கொண்டு ஓட்டினால் பாட்டும் ஆயிற்று, சாலை நிலவரமும் ஆயிற்று. "அதுவே என் வண்டியில் கரகரக்கிறதே" என்பீர்கள். அது எங்கள் வேலை, அதற்குத்தான் கடை வைத்திருக்கிறோம்.

கரகரப்புக்கு ஏரியல்தான் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டு வருகிறீர்கள். பாதிப் பேருக்கு ஏரியலில் ஒரு குறையும் இருக்காது. தனியார் வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் புது ஏரியல் கேட்டு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு வானொலியைப் போட்டோம், 'உஸ்' என்று ஓர் இரைச்சல் பாட்டோடு சேர்ந்தே வந்தது. லைட்டரில் இருந்த இரட்டை யுஎஸ்பி சார்ஜரை உருவினோம், இரைச்சல் பாதி குறைந்தது. வண்டிக் கேமராவின் பிளக்கை உருவினோம், சுத்தமாக நின்றது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் மலிவான சுற்றுகள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும். அந்தச் சிதறல் எஃப்எம் பட்டைக்குள்ளும் வந்து விழும். கேமரா வயரும் ஏரியல் கேபிளும் வண்டிக் கண்ணாடி ஓரத்து ஒரே தூணுக்குள் ஒட்டி ஓடினால் கேட்கவே வேண்டாம். வயரைப் பிரித்து ஓடவிட்டு, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டி, சார்ஜரை மாற்றிக் கொடுத்தோம். ஏரியல் விற்கவில்லை. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டு வாருங்கள், ஒரு வெள்ளியும் செலவில்லை.

அடுத்தது, புது ஆண்ட்ராய்டு செட் மாற்றியதும் வானொலி செத்துப்போனது என்ற புகார். சுறாத் துடுப்பு மாதிரி கூரையில் இருக்கும் குட்டை ஏரியலுக்குள் ஒரு பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறது. 77 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கம்பியைச் சில அங்குலத்துக்குள் சுருக்கினால் பெருக்கி இல்லாமல் ஓடாது. அந்தப் பெருக்கிக்கு 12 வோல்ட் போக வேண்டும். பழைய செட்டில் அது தானாகப் போகும். புது செட்டின் பின்னால் தொங்கும் நீல வயரை மாட்டியவர் இணைக்காமல் டேப் சுற்றிவிட்டுப் போயிருப்பார். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் ஏரியல் கேபிள் வழியாகவே மின்சாரம் போகும், அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனால் டேஷ்போர்டைத் திறக்காமல் செய்ய முடியாது.

ஜப்பானிலிருந்து நேரே இறக்கிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. அங்கே எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90ல் முடியும், பிந்தைய செட்டுகளில் 95 வரை. நம் ஒலி 96.8 அதற்கும் மேலே! எந்த ஏரியல் போட்டாலும் வராது. இடையில் ஒரு பட்டை மாற்றியைச் செருகி அலைவரிசையைக் கீழே இறக்க வேண்டும். டயலில் எண் மாறித் தெரியும், ஒலியும் கொஞ்சம் மங்கும். காசு இருந்தால் செட்டையே மாற்றுவதுதான் என் யோசனை. செட்டில் டிஏபி என்று போட்டிருக்கிறதே, ஒன்றும் வரவில்லையே என்பவர்களுக்கு: இங்கே அந்த டிஜிட்டல் ஒலிபரப்பு 2011லேயே நின்றுவிட்டது.

கண்ணாடிப் படலம் ஒட்டப் போகிறவர்கள் உலோகம் கலந்ததா என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள். ஏரியல் கம்பி பின் கண்ணாடியிலேயே ஓடும் வண்டிகளில் உலோகப் படலம் அலையை மறித்துவிடும். ஒட்டியபிறகு வந்தால் உரிக்கச் சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி தெரியாது.

நிறுவன லாரிகளுக்குச் சட்டப்படி இருவழி வானொலி போடுவதை நாங்களே செய்கிறோம், உரிம விண்ணப்பத்துக்கும் உதவுகிறோம். கூரை இரும்பா, ஃபைபரா என்று முதலில் சொல்லுங்கள். கால் அலை ஏரியலுக்குக் கீழே உலோகத் தளம் இருந்தே ஆக வேண்டும். ஃபைபர் பெட்டி லாரியில் காந்தமும் ஒட்டாது, அலையும் எழும்பாது. அதற்கு உலோகத் தளம் தேவைப்படாத அரை அலை ஏரியல் போடுவோம். காந்த ஏரியல் மலிவுதான், ஆனால் கதவிடுக்கில் நசுங்கிய கேபிள் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதை அடிக்கடி பார்க்கிறோம். சொந்த லாரியானால் துளைபோட்டு ரப்பர் வளையத்தோடு இறுக்குவதே மேல். வாடகை வண்டியானால் உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் துளைபோட மாட்டோம். கேபிளைத் தேவைக்கு மேல் சுருட்டி வைக்கவும் வேண்டாம். மெல்லிய ஆர்ஜி58 கேபிளில் 450 மெகாஹெர்ட்ஸ் போனால் ஐந்து மீட்டருக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி வழியிலேயே கரைந்துவிடும்.

போலீஸ் கீலீஸ் எல்லாம் இல்லை, வானொலி மேலேயே ஆசை என்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வானொலி ஆர்வலர் தேர்வை எழுதித் தேறினால் 9வி1 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும், உலகத்தோடே பேசலாம். அந்த உரிமத்தைக் காட்டினால் ஏரியல் மாட்டித் தருகிறோம், அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சலிக்காமல் நின்று செய்வோம்.

வருவதற்கு முன் செட்டின் மாடல் எண்ணையும் கூரை ஏரியலையும் படமெடுத்து அனுப்புங்கள். கேமரா, சார்ஜர் எதையும் கழற்றாமல், தினமும் ஓட்டுவது எப்படியோ அப்படியே கொண்டுவாருங்கள், அப்போதுதான் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க முடியும். கூரையில் துளைபோடும் வேலை இருக்கும் லாரிகள் காலையிலேயே வந்துவிடுங்கள். மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டால் துளையை அடைக்கும் சிலிக்கோன் பசை காயாது, வண்டியை மறுநாள் வரை இங்கேயே விடவேண்டி வரும்.

இப்படிக்கு,
கடைக்காரர்,
காக்கி புக்கிட்