மூன்று தொட்டி, ஒரே தண்ணீர்

அன்பு நண்பா,

உன் கடிதமும் வீட்டு வரைபடமும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி தொட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள். கோமாளி மீன் ஜோடி மறுபடி முட்டையிட்டிருக்கிறது. முதலில் ஆரஞ்சாக இருந்த முட்டைகள் இப்போது கருத்துவிட்டன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வெள்ளியாக இரண்டு கண்கள் தெரிகின்றன. ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டும் கெட்ட முட்டைகளை வாயால் பொறுக்கிக்கொண்டும் அந்தப் பாறையை விட்டு நகர்வதே இல்லை. இன்றோ நாளையோ விளக்கணைத்த பிறகு பொரிந்துவிடும்.

சரி, உன் திட்டத்துக்கு வருகிறேன். சுவருக்குள் மூன்று சிறிய உப்புநீர்த் தொட்டிகள், மூன்றுக்கும் கீழே ஒரே சம்ப், அதாவது மூன்றின் தண்ணீரும் வந்து சேர்ந்து திரும்ப மேலே போகும் தொட்டி. யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 60 × 45 × 45 செ.மீ. தொட்டி ஒவ்வொன்றும் 120 லிட்டர் சுமார். அதைத் தனித்தனியாக வைத்தால் ஒரு நத்தை செத்துக் கிடந்தால்கூட அம்மோனியா ஏறிவிடும், ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் உப்பு கூடிவிடும். சேர்த்து வைத்தால் சம்பையும் சேர்த்து 400 லிட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு தண்ணீர் சட்டென்று மாறாது. அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் ஓரிடத்தில் போதும், தண்ணீர்ப் பரிசோதனையும் ஒன்றுதான்.

ஆனால் நீ வரைந்திருப்பது எல்லாம் பம்ப் ஓடும்போது இருக்கிற நிலை. கரண்ட் போன நிமிடத்தில் என்ன ஆகும் என்று ஒரு படம் வரைந்து பார். தொட்டிக்குத் தண்ணீர் தரும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே காட்டியிருக்கிறாய். பம்ப் நின்றதும் அந்தக் குழாயே சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும்வரை தண்ணீரைக் கீழே இழுக்கும். ஒரு தொட்டிக்கு 27 லிட்டர், மூன்றுக்கும் 81. உன் குழாய் நீளத்துக்கு அதற்குள் நிற்கும் தண்ணீர் இன்னும் ஆறு லிட்டர். 90 × 40 செ.மீ. சம்பில் 87 லிட்டர் இறங்கினால் மட்டம் 24 செ.மீ. உயரும். நீ விட்டிருக்கும் காலி இடம் 20. மிச்சம் 15 லிட்டர் உப்புத் தண்ணீர் தரையில் நிற்கும்.

இதற்குத் தண்ணீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வு போட்டுக்கொள்ளலாம் என்று பிளம்பர் சொல்வார். போடு, ஆனால் அதை நம்பி அளவு போடாதே. உப்பும் சுண்ணாம்பும் படிந்து, ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால் அது முழுதாக மூடாது. குழாய் வாயை மேலே தூக்கி, நீர்மட்டத்துக்கு ஒட்டினாற்போல் வைத்துவிடு. அப்போது தொட்டிக்கு இரண்டு செ.மீ.தான் இறங்கும். எல்லாம் சேர்த்து 22 லிட்டர், சம்பில் ஆறு செ.மீ. சுமார் உயரும். அதற்கு இடம் இருக்கிறது. குழாயில் சிறு துளை போட்டும் சைஃபனை உடைக்கலாம், ஆனால் பாசி அதை அடைத்துவிடும், அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிர் நிலையும் உண்டு. ஒரு தொட்டியின் வடிகால் அடைத்துக்கொண்டால் பம்ப் நிற்காது. சம்புக்குள் பம்ப் இருக்கும் தடுப்பில் உள்ள தண்ணீர் முழுவதும் கடைசியில் அந்த ஒரு தொட்டிக்குள்தான் போய்ச் சேரும். மற்ற இரண்டும் வந்த தண்ணீரைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு வடிகால் கட்டாயம். ஒன்று கேட் வால்வு வைத்து முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடும் சைஃபன். இன்னொன்று வாய் சற்று உயரமாக, வால்வே இல்லாமல் திறந்திருக்கும் குழாய். முதலாவது முழுதாக நிறைந்து ஓடினால் சத்தமே வராது, வாசிப்பு அறைக்கு அது முக்கியம். இரண்டாவது ஆபத்துக்கு. சம்பில் அந்தப் பம்ப் தடுப்பையும் சின்னதாக வை.

மூன்று தொட்டி வடிகால்களையும் ஒரே குழாயில் சேர்க்கப் பார்த்திருக்கிறாய். வேண்டாம். ஒன்றில் காற்று புகுந்தால் மற்றதன் ஓட்டமும் தடுமாறும். தனித்தனியாகவே சம்ப் வரை கொண்டுபோ. 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டால் ஓட்டம் அவ்வளவு தடைப்படாது. படுக்கையாகப் போகும் நீளத்துக்குச் சரிவு கொடு. மேலே ஏறும் பக்கம் மட்டும் ஒரே பம்பிலிருந்து மூன்றாகப் பிரியலாம், ஒவ்வொரு கிளைக்கும் வால்வு வேண்டும். மாடிப்படிப் பக்கத் தொட்டி மற்றவற்றைவிட உயரத்தில் இருப்பதால் வால்வு இல்லாவிட்டால் அதற்குத் தண்ணீர் குறைவாகத்தான் ஏறும். பம்ப் வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதே, உன் உயரத்தில் அது எத்தனை லிட்டர் தள்ளும் என்று பார். மணிக்குத் தொட்டி அளவில் மூன்று முதல் ஐந்து மடங்கு சம்ப் வழியாகப் போனால் போதும். பவளத்துக்கு வேண்டிய வேகத்தைத் தொட்டிக்குள் வைக்கும் சிறு பம்ப் தந்துவிடும். கழற்ற வேண்டிய இடத்திலெல்லாம் யூனியன், அதாவது திருகிக் கழற்றும் இணைப்பு, போடச் சொல். பித்தளை, செம்பு எதுவும் தண்ணீரில் படக் கூடாது, செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும்.

சுவர் வேலையில் எனக்கு ஒரே கவலை, தொட்டிக்கு மேலே 15 செ.மீ. மட்டும் விட்டிருக்கிறாய். வலையோடு கை போகாது. 40 செ.மீ. விடு, அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கை எட்டாத தொட்டியைச் சுத்தம் செய்ய யாருக்கும் மனம் வராது. மாடத்துக்குள் ஈரம் தங்காமல் காற்று வெளியேற வழி வை. தண்ணீரும் பாறையும் கண்ணாடியும் சேர்ந்தால் ஒரு தொட்டி 150 கிலோவைத் தாண்டும், அதைப் பொறியாளரிடம் எழுதிக் காட்டு. பிளக்குகள் சம்புக்கு நேர் மேலே வேண்டாம். மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி கட்டாயம்.

அப்புறம், இதுதான் உனக்குப் பிடிக்காத பகுதி. வாசிப்பு அறைத் தொட்டியில் கடல்குதிரை வைக்க ஆசைப்படுகிறாய். ஆசை எனக்குப் புரிகிறது, வாலால் ஒரு கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்களையும் தனித்தனியாகச் சுழற்றி இரை தேடும் அழகை எத்தனை நேரம் பார்த்தாலும் சலிக்காது. ஆனால் குழாய் ஒன்றானால் வெப்பமும் ஒன்றுதான். பவளத்துக்கு 25, 26 டிகிரி வைப்போம். கடல்குதிரைக்கு 22 முதல் 24 வரை நல்லது, வெப்பம் ஏறினால் பாக்டீரியா நோய்கள் அதைச் சீக்கிரம் பிடிக்கும். அடிக்கடி இரையும் போட வேண்டும், மிஞ்சிய அழுக்கு மூன்று தொட்டிக்கும் போகும். அதற்குத் தனித் தொட்டிதான் நியாயம். அந்த மாடத்தில் ஒரு கோபி மீனும் பிஸ்டல் இறாலும் வை. இறால் வளை தோண்டும், மீன் வாசலில் காவல் நிற்கும். சரியாகப் பார்வை தெரியாத இறால் ஒரு மீசையை எப்போதும் மீன் மேல் வைத்திருக்கும், மீன் வால் துடித்தால் உள்ளே ஓடிவிடும். உன் நாற்காலியிலிருந்து பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

நோயும் அப்படித்தான். ஒரு தொட்டியில் வெண்புள்ளி வந்தால் மூன்றிலும் வந்ததாகவே வைத்துக்கொள். செம்பு மருந்தை இந்தத் தண்ணீரில் ஊற்றவே முடியாது. அதனால் குழாயோடு சேராத ஒரு சிறு தொட்டியைப் புது மீன்களுக்கென்று ஒதுக்கி, அதற்குத் தனி வலை, தனி வாளி வை. நான்கு முதல் ஆறு வாரம் அங்கே இருந்த பிறகுதான் எந்த மீனும் உள்ளே வர வேண்டும்.

மற்றவை உனக்கே தெரியும். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, ஆவியான தண்ணீருக்குப் பதில் ஆர்ஓ தண்ணீர் மட்டும். தானாக நிரப்பும் கருவி வைத்தால் அதன் டப்பா 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். மிதவை மாட்டிக்கொண்டு எல்லாம் கொட்டினாலும் உப்பு 34க்குச் சற்று மேலேயே நிற்கும். ஹீட்டர் ஒன்று பெரிதாக வாங்காமல் சிறிதாக இரண்டு வாங்கு, ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் தண்ணீர் அவ்வளவு சூடாகாது.

கொத்தனார் சுவரைத் தொடுவதற்கு முன் திருத்திய படத்தை அனுப்பு, நானும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். குழாய் ஒட்டியதும் வெறும் நல்ல தண்ணீரை நிரப்பி, பம்பைப் பலமுறை நிறுத்திப் போட்டுச் சோதிக்க வேண்டும். அந்த வாரம் சொல், வந்து கூட இருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் நண்பன்