ஸ்டியரிங்குக்கு உறை மாட்டுவதற்கு முன்

திருமங்கலம்

அன்பு மகளுக்கு,

அன்றைக்குப் போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலில் பாதி உனக்குக் கேட்கவில்லை. "பழைய ஸ்டியரிங்தானே அப்பா, கடையில் ஓர் உறை வாங்கி மாட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டாய். மாட்டலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவின் அம்பாசடரை இனி ஓட்டப்போகிறவள் நீ. ஆகவே காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பி எடுப்பதென்றால் இரண்டு கைகளாலும் பலமாக இழுக்க வேண்டும். வளையம் அவ்வளவு பெரியதாக இருப்பதே அந்தச் சிரமத்தைக் குறைப்பதற்குத்தான். கடைகளில் தொங்கும் உறைகள் பெரும்பாலும் இந்தக் காலத்துச் சிறிய கார்களின் அளவுக்குச் செய்தவை. அவை நம் வளையத்தில் ஏறாது. பெரிய அளவில் வாங்கினாலோ, மெல்லிய வளையத்தின்மேல் தளர்ந்து வழுக்கும். சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே உன் கையோடு உறை மட்டும் சுழன்று வளையம் நின்ற இடத்திலேயே நின்றால் என்ன ஆகும்? அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டியரிங்கின் உள்ளே இருப்பது இரும்பு வளையம். அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக்கை வார்த்திருக்கிறார்கள். வெயில் ஏறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. வயதாக ஆக பிளாஸ்டிக் காய்ந்து சுருங்கும், உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது. அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது. மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். வெடிப்பு வழியாகக் கை வியர்வை இறங்கி இரும்பில் துரு ஏறும். மேலே உறை போட்டுவிட்டால் அந்தத் துரு நம் கண்ணுக்குத் தெரியாமலே வளரும்.

வேறு ஸ்டியரிங் வாங்கிவிடலாமே என்று உன் அம்மா சொன்னாள். கொல்கத்தா அருகே உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. பழைய இரும்புக் கடைகளில் பார்த்த வளையங்களிலும் இதே இடங்களில் இதே வெடிப்புகள்தான். ஆகவே நம்முடையதையே சரிசெய்ய முடிவெடுத்தேன்.

மெக்கானிக் அண்ணன் வந்து முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பிறகு ஹாரன் பொத்தான், அதன் கீழே நட்டு. சக்கரங்களை நேராக வைத்து, வளையமும் தண்டும் சேரும் இடத்தில் கோடு போட்டுக்கொண்டார். திரும்ப மாட்டும்போது கோணல் வராது. பக்கத்து வீட்டுப் பையன் சுத்தியலோடு வந்தான், நான் தொடவிடவில்லை. அந்த அடி தண்டு வழியாக இறங்கி பேரிங்கைக் கெடுத்துவிடும். வளையத்தைப் பிடித்து இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவியைப் போட்டு மெதுவாகத்தான் கழற்றினோம்.

வளையத்தில் பல வருடத்து எண்ணெயும் அழுக்கும் பிசுபிசுவென்று இருந்தன. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, மறைவான ஓரிடத்தில் தின்னரைத் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் இளகவில்லை என்று தெரிந்த பிறகுதான் முழுக்கத் துடைத்தேன். வெடிப்புகளை மேலாகப் பூசி மறைத்தால் ஒரு கோடையில் திரும்ப வாய் பிளக்கும். அதனால் ஒவ்வொன்றையும் ரம்பத் தகட்டால் இரும்பு தெரியும்வரை அகலமாக அறுத்துவிட்டு, துருவைச் சுரண்டி, எம்-சீல் என்ற, இறுகிக் கெட்டியாகும் பசையைப் பிசைந்து உள்ளே அழுத்தினேன். கொஞ்சம் மேடாகவே விட வேண்டும், தேய்க்கும்போது அது சமமாகிவிடும். ஒரு நாள் முழுக்க அப்படியே இறுக விட்டேன்.

பிறகு உப்புத்தாள். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, தாயி. எண் கூடக் கூடத் தாள் நைசாகும்: முதலில் 120, அடுத்து 220, 400. கடைசியில் தண்ணீர் தொட்டு 800. பின்பக்கத்தில் விரல்கள் பதியும் அலை அலையான பள்ளங்கள் இருக்கின்றன அல்லவா, அங்கே தாளைச் சுருட்டி விரலால்தான் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது பழையது, எது அடைத்தது என்று தெரியக் கூடாது. தெரிந்த இடங்களையெல்லாம் மறுபடி தேய்த்தேன். உன் தாத்தா பிடித்த பிடியில் ஒரு பள்ளம்கூடத் தூர்ந்துவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு கவலை.

இப்போது பிரைமர் அடித்துக் காய்கிறது. இதன்மேல் சாதாரண எனாமல் வேண்டாம் என்பது என் முடிவு. கை வியர்வையில் அது நாளடைவில் ஒட்டத் தொடங்கும். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் பெயின்ட்தான் நிற்கும். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. ஆகவே தகுந்த முகமூடி வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுக்கிறேன், வீட்டில் அடிக்கப்போவதில்லை.

உனக்கு உறை வேண்டும் என்று உறுதியாக இருந்தால் ஒரே வழி, தோலை வளையத்தின் மேலேயே இழுத்துத் தைப்பது. திண்டுக்கல் பக்கம் தோல் பதனிடுவது பழைய தொழில். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மென்மையான ஆட்டுத்தோல் கிடைக்கும். வளையத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைத்து வெட்டி, மெழுகு தடவிய நூலை இரண்டு ஊசிகளில் கோத்து உட்புறமாகத் தைத்தால் அசையாது. தையல் உள்ளங்கையில் படாது. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மாப்பிள்ளையின் புதுக் காரில் ஸ்டியரிங் நடுவே ஏர்பேக் இருக்கிறது. அந்த நடுப்பகுதியை எதைக் கொண்டும் யாரும் மூட விடாதீர்கள்.

தோல் தைத்தால் வளையம் கொஞ்சம் தடிக்கும். என் கைக்கு அது சரியாக இருக்கும், உன் கை சிறியது. கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொடும்படி வளைத்துப் பிடித்து, உள்ளே அடங்கும் சுற்றளவை ஒரு நூலால் அளந்து அனுப்பு. பெயின்டரிடம் வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன். அதற்குள் தோலா, வெறும் பெயின்டா என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா