பாதி ஆராதனையில் எழுந்துபோக அனுமதி வேண்டும்

திருச்சபைகளை நடத்தும் போதகர்களுக்கும் குருக்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் கேட்டு வருகிறவன் நான். மன்னிப்பைப் பற்றி மட்டும் நூறு பிரசங்கமாவது கேட்டிருப்பேன். பெரும்பாலும் நல்ல பிரசங்கங்கள். சிலவற்றைக் கேட்டு அழுதும் இருக்கிறேன். ஆனால் ஒன்று நெடுநாளாக உறுத்துகிறது. அந்த நூறில் ஏறக்குறைய எல்லாமே அடிபட்டவரைப் பார்த்துத்தான் பேசின. ‘உனக்குத் தீங்கு செய்தவனை மன்னித்துவிடு, கசப்பை மனதில் வைத்துக்கொள்ளாதே’ என்றன. அடித்தவரைப் பார்த்து, ‘நீ போய் அவர் வாசலில் நில்’ என்று சொன்ன பிரசங்கத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் 23, 24 வசனங்களை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தருகே கொண்டுவந்து நிற்கிறான் ஒருவன். தன் பேரில் தன் சகோதரனுக்கு ஏதோ குறை உண்டென்று அங்கே அவனுக்கு நினைவு வருகிறது. யாருக்கு யார் மேல் குறை என்பதைக் கவனியுங்கள். மனத்தாங்கல் சகோதரனுக்கு, காரணம் இவன். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார் இயேசு.

இது மலைப்பிரசங்கத்தில், கலிலேயாவில் சொல்லப்பட்டது. அங்கிருந்தவர்களுக்குப் பலிபீடம் என்றால் எருசலேம் ஆலயத்தில் இருந்ததுதான். கப்பர்நகூமிலிருந்து எருசலேமுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். நாள்கணக்கில் நடக்க வேண்டும். அத்தனை தூரம் நடந்து, கூட்டத்தில் முண்டி, ஒருவழியாகப் பலிபீடத்தருகே வந்து நிற்கிறவனிடம் ‘ஆட்டை இங்கேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய் வா’ என்றால் எப்படி இருக்கும்? அதுவரை ஆட்டுக்கு யார் தீனி போடுவது என்று ஒருவராவது கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நமக்கோ, உட்கார்ந்த இடத்திலிருந்து ஆலய வாசலுக்கு முப்பது அடி இருக்குமா? அதைக்கூட நாம் இதற்காக நடந்ததில்லை.

என்னையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பட்டியலில் ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். பிழை வெளியே வந்தபோது, அது பக்கத்து மேசைப் பெண்மணியின் வேலை என்று மேலதிகாரி நினைத்துக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அன்றிரவே முழங்காலில் நின்று தேவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அடுத்த ஞாயிறு, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து எடுத்தேன். பதினோரு ஆண்டுகள் இப்படியே போயின. மேலே கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நம்பியிருந்தவனுக்கு, பக்கத்து மேசையில் அது அப்படியே கிடக்கிறது என்று தோன்றவேயில்லை.

பிறகு ஒருநாள் முகவரி விசாரித்துக்கொண்டு போனேன். ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடியே கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. ‘அந்தச் சுழி நான் போட்டது’ என்பது மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “தெரியும்” என்றார். “உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒரு மாதம் பார்த்தேன்.” மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை. வீடு திரும்பியதும் அந்தப் பழைய மேலதிகாரிக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். நகல் ஒன்றை அந்தப் பெண்மணிக்கும் அனுப்பினேன். போன பதவி உயர்வு திரும்பி வரப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

இந்தப் போதனை இயேசுவின் காலத்தில் திடீரென்று முளைத்ததும் அல்ல. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின்படி, பிறன் பொருளை ஏமாற்றி வைத்துக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலி அதோடு சேர்ந்தது. லூக்கா 19இல் இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட சகேயு அந்த ஐந்தில் ஒன்றோடு நிற்கவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப என்கிறான். ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22 விதிக்கிற கணக்கு அது. வரி வசூலித்த பெரிய மனிதர் தன்னை ஆட்டுத் திருடன் வரிசையில் நிறுத்திக்கொள்கிறார்! ஞாயிறு பள்ளியில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோ, அவன் குள்ளன், மரத்தில் ஏறினான் என்பது. ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொல்வது, சகேயு இந்தக் கணக்கைச் சொல்லி முடித்த பிறகு. இரட்சிப்பைப் பணம் கொடுத்து வாங்கினான் என்று சொல்ல வரவில்லை. கிருபையைப் பற்றி எனக்கு நீங்கள் பதில் மடல் எழுத வேண்டியதில்லை.

அடிபட்டவரை மன்னிக்கச் சொல்கிற மத்தேயு 18ஐ, தன் பெருங்கடன் தள்ளுபடியாகியும் பிறன் சிறுகடனை மன்னிக்காத வேலைக்காரனின் கதையை, விட்டுவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் 10,000 தாலந்து தள்ளுபடியானவனுக்கு ஆறு கோடி நாள் கூலி மிச்சம். அவன் நூறு நாள் கூலிக்காகச் சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். எத்தனை முறை கேட்டாலும் சுடுகிற கதை. ஆனால் அதே அதிகாரத்தில், ‘எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழுதரமட்டுமோ’ என்று பேதுரு வாய் திறப்பதற்கு முன்பே 15, 16, 17 வசனங்கள் இருக்கின்றன. குற்றம் செய்தவனிடம் தனியே போய்ச் சொல். கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேளாவிட்டால் சபைக்குச் சொல். கணவனிடம் அடிவாங்கி ஆலோசனைக்கு வரும் பெண்ணிடம் ‘ஏழெழுபது முறை மன்னி’ என்று சொல்லி வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் இந்த மூன்று வசனங்களை எப்படித் தாண்டிப்போகிறார்களோ, எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அவனைத்தான் நீங்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

எல்லா வாசலிலும் போய் நிற்கவும் கூடாதுதான். நம்மைப் பார்த்தாலே நடுங்குகிறவரின் வீட்டுக் கதவைத் தட்டி, நம் மனப்பாரத்தை அவர் தலையில் இறக்கிவைப்பது ஒப்புரவாகாது. அங்கே ஒரு கடிதம் போதும். சில வேளைகளில், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிப்போனால் போதும். எங்கே எது என்று கற்றுக்கொடுங்கள். அதற்குத்தானே மேய்ப்பர்கள்.

என் வேண்டுகோள் சிறியது. திருவிருந்துக்கு முன் ஐந்து நிமிடம் விடுங்கள். ‘யாருக்காவது ஒருவரிடம் போய்ச் சரிசெய்ய வேண்டியது இருந்தால் இப்போதே எழுந்துபோகலாம், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளலாம்’ என்று அறிவியுங்கள். எழுந்துபோகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். காணிக்கைப் பை வரும் நேரம் பார்த்துக் கூட்டம் கலைந்துவிடும் என்று பொருளாளர்கள் கவலைப்படலாம். காணிக்கையை வைத்துவிட்டுப் போகத்தானே வசனம் சொல்கிறது!

அந்த ஐந்து நிமிடத்தில் கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறான் யாக்கோபு தன் நிருபத்தில். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19. ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறவர்கள் நம் பெஞ்சுகளில் நிறையப்பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஆலயத்தைப் பெருக்குகிறவருக்குச் சபை பாக்கி வைத்திருந்தால் அதையும் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். முதலில் எழுந்துபோகிறவர் நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது. ஆராதனை சற்றுத் தாமதமானால் நாங்கள் காத்திருக்கிறோம்.

எனக்கு இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். என் அண்ணன். அதே ஆலயத்தில், எனக்கு நாலு வரிசை முன்னால் உட்காருகிறார். ஒரே அப்பத்திலிருந்து எடுக்கிறோம், ஏழு ஆண்டுகளாகப் பேச்சில்லை. தவறு என் பக்கம்தான். ஆகையால் நான் எழுந்தால் வாசலுக்குப் போக மாட்டேன், முன்னால் வருவேன். வரவேற்கிறவர்களிடம் தடுக்க வேண்டாமென்று மட்டும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரும் ஒரு விசுவாசி