2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிருவாக சபையினருக்கும், சக ஓட்டுநர்களுக்கும், வருடம் முழுவதும் பின்னிருக்கையில் இருந்து எங்களைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தினருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கைக்கு எடுத்த நேரத்தைவிட, அமெரிக்க ஹார்லி டேவிட்சன் வண்டியா, ஹொண்டாவின் கோல்ட் விங்கா என்ற வாக்குவாதத்துக்கே கூடுதல் நேரம் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். கொத்துரொட்டி ஆறிப்போன பிறகும் அது ஓயவில்லை. கடைசியில் தலைவர், “வாயால ஓடினது காணும், வாற சீசனுக்கு றோட்டில ஓடிப் பாப்பம்” என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார். அதுவே இவ்வாண்டின் வேலைத்திட்டமாகிவிட்டது. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நிருவாக சபைக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் இளையவர்களே அதிகம். பலர் இன்னும் எம்2 என்ற ஒன்ராறியோவின் இடைநிலை மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்தில் ஓடுபவர்கள். சந்தா, வரவுசெலவு விபரம் பொருளாளரின் அறிக்கையில் வரும். வசந்தகால மெதுவோட்டப் பயிற்சிக்கு வழமையாகக் கிடைக்கும் வாகனத் தரிப்பிடத்தை இம்முறை கடைசி நேரத்தில் தர மறுத்துவிட்டார்கள். வேறிடம் தேடிப் பிடித்து, பிந்தியென்றாலும் நடத்தி முடித்தோம்.

மே மாதம் நயாகரா ஆற்றோரச் சாலையோடு சீசன் தொடங்கியது. யூன் 13 வெள்ளிக்கிழமையாக வந்ததால் போர்ட் டோவர் போகாமல் இருக்க முடியவில்லை. 1981 முதல் 13ஆம் திகதி வெள்ளிக்கிழமையில் வரும்போதெல்லாம் ஈரி ஏரிக்கரையில் உள்ள அந்தச் சின்ன ஊர் மோட்டார் சைக்கிள்களால் நிரம்பிவிடுவது வழக்கம். யூலையில் ரொபர்மோரியில் சிச்சீமான் கப்பலேறி மனிற்றூலின் தீவுக்குப் போனோம். ஓகஸ்ட்டில் 401ஆம் நெடுஞ்சாலையால் வின்ட்சர்வரை. இலையுதிர் காலத்தில் 60ஆம் நெடுஞ்சாலையால் அல்கொன்குவின் பூங்கா. அன்று மழை பெய்தது. படம் எடுக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம், முன்கண்ணாடியைப் பரீட்சிக்க வந்தவர்களுக்கு நல்ல நாள்.

இனி விடயத்துக்கு வருகிறேன். பெரிய பயண வண்டிகளை ஒப்பிடும்போது எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது எஞ்சின் எத்தனை சீசீ, எத்தனை குதிரைவலு என்று. என் அபிப்பிராயம், முதலில் கேட்கவேண்டியது ஃபெயரிங், அதாவது ஓட்டுநருக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் மூடி, எதில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதுதான். முன்சில்லைத் தாங்கி ஹாண்டிலோடு திரும்பும் போர்க்கிலா, வண்டியின் சட்டகத்திலா?

ஹார்லியின் ‘வௌவால் சிறகு’ ஃபெயரிங் 1969இல் இலெக்ட்ரா கிளைடில் வந்த காலந்தொட்டு போர்க்கோடு பூட்டப்படுவது. ஹாண்டிலைத் திருப்பினால் ஃபெயரிங்கும் சேர்ந்து திரும்பும். இன்றைய ஸ்ட்ரீட் கிளைடும் அப்படியே. அமெரிக்காவின் இந்தியன் நிறுவனத்தின் சீஃப்டன், ரோட்மாஸ்டர் இரண்டும் அதே வகை. 1980ஆம் ஆண்டு மொடலாக வந்த ரூர் கிளைடில்தான் ஹார்லி முதன்முதலாக ஃபெயரிங்கைச் சட்டகத்துக்கு மாற்றியது. 1998இல் வந்த ரோட் கிளைட் அதன் வாரிசு. இந்தியன் சலஞ்சர், பர்சூட், கோல்ட் விங், பிஎம்டபிள்யூ கே 1600 எல்லாம் சட்டகக் கட்சி.

இதனால் என்ன வித்தியாசம் என்பதை ஓகஸ்ட் பயணம் காட்டியது. ஒன்ராறியோவின் லண்டன் நகரைத் தாண்டி, சாதம் என்ற நகர்ப்பக்கம் போகும்போது இருபுறமும் வெறும் தட்டையான வயல், காற்றாலைகள். பக்கக்காற்று மறைப்பில்லாமல் அடிக்கும். போதாததற்கு வரிசையாகப் பதினெட்டுச் சில்லு லொறிகள். லொறியின் முன்மூலையைத் தாண்டும் இடத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளும். ஸ்ட்ரீட் கிளைட் ஓடியவர்களின் கையுறைகளைப் பின்னால் வந்தவர்கள் கவனித்தார்கள்: ஹாண்டில் சிறிது சிறிதாக இழுபட, கைகள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருந்தன. ஃபெயரிங்கில் விழும் காற்று போர்க்கு வழியாக நேரே கைக்கு வருவதே காரணம். ரோட் கிளைடில் கை சும்மா இருந்தது. அதற்காகக் காற்று அந்த வண்டியை விட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். முழு வண்டியும் ஒன்றாகச் சரிந்து எழும்பியது. கைக்கு வந்தது இடுப்புக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் வின்ட்சரில் இறங்கியபோது தோள்மூட்டைத் தேய்த்தவர்கள் யார் என்று எல்லோரும் பார்த்தோம். பர்லிங்டன் ஸ்கைவே பாலத்தில் காற்று வீசும் நாளிலும் இதே கதைதான்.

தரிப்பிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது சட்டக ஃபெயரிங் புதியவர்களைக் கொஞ்சம் குழப்பும். சில்லு ஒரு பக்கம் திரும்பியிருக்க, கண்முன்னால் உள்ள பெரிய மூக்கு நேரே பார்த்துக்கொண்டு நிற்கும். வண்டி திரும்பவில்லை என்று நினைத்துக் கூடுதலாகத் திருப்பிவிடுவார்கள். பார்வையை ஃபெயரிங்கில் வைக்காமல் போகவேண்டிய இடத்தில் வைத்தால் இந்தக் குழப்பம் நீங்கும். ஹாண்டிலோ இதில் பாரமில்லாமல் இருக்கும். போர்க்கில் பூட்டிய வகையில் ஃபெயரிங், ரேடியோ, ஒலிபெருக்கி எல்லாவற்றின் எடையையும் கையால் திருப்பவேண்டும். இரவு வெளிச்சத்தில் நிலைமை மாறுகிறது. போர்க்கு வகையில் முன்விளக்கு ஹாண்டிலோடு திரும்பும், சட்டக வகையில் நேரே பார்க்கும். இதற்குத்தான் பிஎம்டபிள்யூ கே 1600இல் வண்டி சரியும் அளவுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் விளக்கைக் கொடுத்தது.

போர்ட் டோவரில் ஒரு பழைய கோல்ட் விங் ஜிஎல்1000 நின்றது. அதில் வடிவமைப்பாளர் கிரெய்க் வெட்டரின் விண்ட்ஜாமர் ஃபெயரிங். எங்கள் இளையவர்கள் அது கம்பனிப் பொருள் என்றே நினைத்தார்கள். 1975இல் விற்பனைக்கு வந்த கோல்ட் விங்குக்கு ஃபெயரிங்கே இருக்கவில்லை. தூரம் ஓட விரும்பியவர்கள் வெளியில் வாங்கிப் பூட்டினார்கள். ஹொண்டா தானே முழு ஃபெயரிங் போட்டுக் கொடுத்தது 1980இல், ஜிஎல்1100 இன்டர்ஸ்ரேட்டில். பிஎம்டபிள்யூ அதற்கு முன்னரே, 1976இல், காற்றுச் சுரங்கத்தில் பரீட்சித்து வடிவமைத்த முழு ஃபெயரிங்கோடு ஆர் 100 ஆர்எஸ்ஸை வெளியிட்டுவிட்டது.

பின்னிருக்கை விடயத்தில் இம்முறை ஒரு பரிசோதனை செய்தோம். முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலும், ஓட்டுநரின் தோளிலும், பின்னால் இருப்பவரின் தலைக்கவசத்திலும் சிறு கம்பளி நூல்துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் ஓடிய காரில் இருந்து வீடியோ எடுத்தோம். உயரமான கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநரின் தோளில் இருந்த நூல் பின்னோக்கிப் பறக்காமல் முன்னோக்கி ஆடியது. கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் பின்னால் இருந்து காற்று உள்ளே சுருண்டு வருகிறது. ஓட்டுநருக்கு முதுகில் மெல்லத் தள்ளுவதுபோல் இருக்கும். அடி விழுவது பின்னால் இருப்பவருக்கு. உறுப்பினர் ஒருவரின் துணைவியார் சொன்னது: “இவருக்கு முன்னால கண்ணாடி, சொகுசு. எனக்கு மண்டையில ஆரோ பொல்லால தட்டுற மாதிரி.” அதே வண்டியில் கண்ணாடியைச் சற்றுத் தாழ்த்தி, ஃபெயரிங்கின் காற்றுவழியைத் திறந்துவிட்டதும் நூல் அடங்கியது. ஹார்லி 2014இல் வௌவால் சிறகில் திறந்து மூடும் காற்றுவழியை வைத்தது இதற்காகவே. கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் காற்றை விட்டால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமப்படும். வண்டி பார்க்கப் போகிறவர்கள் துணையையும் கூட்டிப்போய்ப் பின்னால் இருத்தி, நெடுஞ்சாலை வேகத்தில் ஓடிப் பார்க்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம்.

கண்ணாடி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கண்ணாடியின் மேல்விளிம்புக்கு மேலாக வீதி தெரியவேண்டும். அல்கொன்குவின் மழையில் கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்து ஓடியவர்கள் பட்டபாடு போதும்.

2018இல் மாற்றியமைக்கப்பட்ட கோல்ட் விங்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். போர்க்கையே எடுத்துவிட்டு, கார்களில் உள்ளதுபோல் இரட்டைக் கைகளில் முன்சில்லைத் தாங்கவைத்தார்கள். குழியில் விழும் அடி ஹாண்டிலுக்கு வருவது வெகுவாகக் குறைந்தது. முன்சில்லு ஏறக்குறைய நேராக மேலும் கீழும் அசைவதால் எஞ்சினை முன்னே தள்ள முடிந்தது. ஓட்டுநரும் முன்னே வர, சிறிய ஃபெயரிங்கே போதுமானது. எடையும் பழையதைவிட 40 கிலோ அளவில் குறைந்தது. பலன் கையில் தெரிகிறது. ஆனால் பெட்டியும் சுருங்கிவிட்டது. இரண்டு முழுமுகத் தலைக்கவசங்கள் உள்ளே போகவில்லை என்று உலகம் முழுக்கத் திட்டு விழ, 2021இல் பின்பெட்டியை 50 லீற்றரில் இருந்து 61 லீற்றராக்கினார்கள். கே 1600ம் முன்புறத்தில் டியூலீவர் என்ற வேறு அமைப்பை வைத்திருக்கிறது. பிறேக் பிடித்தால் மூக்குக் குத்தாது. வேகத்தில் ஹார்லி, கோல்ட் விங், கே 1600 மூன்றிலும் இனிமையானது அதுதான். தரிப்பிடத்தில் மட்டும் கோல்ட் விங்கின் படுத்த ஆறு சிலிண்டர் எஞ்சின் தாழ்ந்திருப்பதன் அருமை தெரிகிறது.

இன்னொன்று. மனிற்றூலின் பயணத்தில் ஒருவரின் வண்டி வேகத்தில் பின்புறம் ஆடுகிறது என்று ஃபெயரிங்கில் பழி போட்டார்கள். பார்த்தால் பின்ரயரில் காற்றுக் குறைவு, பின்பெட்டியில் முழுக்குடும்பத்தின் மதியச் சாப்பாடு. சாப்பாட்டைப் பக்கப்பெட்டிகளுக்கு மாற்றி, காற்றடித்ததும் ஆட்டம் நின்றது.

எது நல்லது என்று சபை தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. செயலாளரைக் கேட்டால், 401இல் தினமும் ஓடுபவருக்குச் சட்டக ஃபெயரிங். ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சாலைகளில் சுற்றுபவருக்கு வௌவால் சிறகின் அழகை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

வருகிற ஆண்டு நிருவாக சபைக்கான விண்ணப்பங்களைப் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் தரவும். குளிர்காலத்துக்கு வண்டியை மூடியவர்கள் பற்றரியைச் சார்ஜரில் போட்டுவைக்கவும். சங்கத்தின் ரயர் அழுத்தமானிகள் இரண்டும் மனிற்றூலின் பயணத்துக்குப் பிறகு திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் பொதுக்கூட்டத்தன்று பொருளாளரிடம் ஒப்படைக்கவும்.

செயலாளர்